தொழில் என்று ஒரு சிகிச்சை

எங்க பக்கம் ஒருத்தரைப் பார்த்து ‘என்ன தொழில்?’ என்று கேட்டால், ‘நீ எந்தச் சாதி?’ என்று கேட்பதற்கு அது பாதி வழி. மீதியைத் தெருப் பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். செத்த மாட்டைத் தூக்குவது, தப்படிப்பது, செருப்புத் தைப்பது, துணி வெளுப்பது, குழி வெட்டுவது எல்லாம் எங்களுக்குத் ‘தொழில்’. இதைக் குலத்தொழில் என்றார்கள், சாமி கொடுத்தது என்றார்கள். 1953-ல் ராஜாஜி அதைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். அரை நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில். பெரியாரும் மற்றவர்களும் போராடி, 1954-ல் காமராசர் முதலமைச்சரான பிறகுதான் அந்தத் திட்டம் ஒழிந்தது. திட்டம் ஒழிந்ததே தவிர, அந்தக் கேள்வி இன்னும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சொல்லின் பேரிலேயே ஒரு மருத்துவப் படிப்பு இருக்கிறது என்பது, என் அக்கா மகள் அதில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆக்குபேஷனல் தெரபி. தமிழில் தொழில்வழிச் சிகிச்சை, செயல்முறைச் சிகிச்சை என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். கோவில்பட்டியில் அவளைத் தேடி வருகிற சனங்களுக்கு இந்தப் பேர் எதுவும் வாயில் நுழையாது. ‘பிசியோ பிள்ளை’ என்பார்கள், ‘கைக்குப் பயிற்சி குடுக்கிற டீச்சர்’ என்பார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பொம்பளைக்கு மகளாய்ப் பிறந்து, நான்கரை வருசம் படித்து, பட்டம் வாங்கி, ஆறு வருசமாக அந்த வேலையைப் பார்க்கிறாள். இப்போது மேல்படிப்புப் படிக்க வேண்டும் என்கிறாள். அதற்கு முன்னால் என்னென்ன நிற்கிறது, அது ஏன் அவள் ஒருத்தியின் காரியம் மட்டும் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சிகிச்சை என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபி தோளையும் முட்டியையும் அசைய வைக்கும். அந்த அசைவைக் கொண்டு சோறு பிசைந்து வாயில் வைப்பது, சேலைக் கொசுவம் மடிப்பது, சட்டைப் பொத்தான் மாட்டுவது, வாளி தூக்குவது, பென்சில் பிடிப்பது, திரும்ப வேலைக்குப் போவது, இதெல்லாம் ஆக்குபேஷனல் தெரபியின் பாடு. பக்கவாதம் வந்தவர், தீக்காயம் பட்டவர், மிஷினில் விரல் போனவர், மனநோயில் இருந்து மீண்டு வருகிறவர், ஆட்டிசக் குழந்தை, மூளை வாதம் உள்ள குழந்தை எல்லாரும் இவர்களிடம் வருவார்கள். அமெரிக்காவில் 1917-ல் இதற்கென்று ஒரு சங்கம் அமைந்தது. முதல் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பியவர்களை வைத்துத்தான் இந்த வேலை வளர்ந்தது. நம் நாட்டில் 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் கமலா நிம்ப்கர் முதல் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த அம்மா அவர். 1952-ல் அகில இந்தியச் சங்கம் வந்தது. அதே வருசம் அமைந்த உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆக இது நேற்று முளைத்த படிப்பு இல்லை. எங்க தெருவுக்கு வந்து சேரத்தான் அறுபது வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1948 வாக்கில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். நல்ல தசைநாரை எடுத்து, செயலற்ற இடத்தில் கட்டுவது. கை திறந்தது. ஆனால் குணமான சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். மடங்கின கைக்குப் பிச்சை விழுந்தது, நிமிர்ந்த கைக்கு விழவில்லை. நிமிர்ந்த கைக்கு வேலை கொடுக்கவும் ஆள் இல்லை. அதனால்தான் அங்கே நவஜீவ நிலையம் என்று ஒன்று கட்டி, தச்சு வேலை மாதிரித் தொழில்களைப் பழக்கினார்கள். கையைச் சரிசெய்வது மருத்துவம். அந்தக் கைக்கு எந்த வேலையை இந்த ஊர் அனுமதிக்கும் என்பது மருத்துவத்துக்கு வெளியே இருக்கிற கேள்வி. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள்.

இப்போது கரிசலுக்கு வருகிறேன். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, எட்டயபுரம், விளாத்திகுளம் சுற்று வட்டாரத்தில் சனங்களின் கைகளைப் பார்த்தாலே அவர்கள் பிழைப்பைச் சொல்லிவிடலாம். மழை பெய்தால் மானாவாரி வெள்ளாமை. உளுந்து, பாசிப்பயறு, கம்பு, பருத்தி, மிளகாய், இப்போது மக்காச்சோளம். மழை இல்லாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். எங்க அம்மா எட்டு வயசில் கட்டை அடுக்கப் போனது. வரிவரியான சட்டத்தில் குச்சியை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் நாள் முழுக்க ஓடும், முதுகு வளைந்தே கிடக்கும். அக்காவும் போனது. நான் வீட்டில் இருந்து பெட்டி ஒட்டினேன், பசை காய்ந்து விரல் நுனித்தோல் உரியும். 1996 டிசம்பர் 10-ல் எம்.சி. மேத்தா வழக்கில், ஆபத்தான தொழிலில் வைத்திருக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு குழந்தைகள் ஆபீசுக்குப் போவது குறைந்தது, அது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் கட்டை அடுக்கிய கைகள் இப்போது நாற்பது, ஐம்பது, அறுபது வயசில் இருக்கின்றன. விரல் மரத்துப் போச்சு, மணிக்கட்டு எரியுது, பிடி நிற்கமாட்டேங்குது என்று சொல்லி வருகிற பொம்பளைகள் இவர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘வாதம்’ என்றோ ‘சத்துக் குறைவு’ என்றோ எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள்.

அடுத்தது பட்டாசு. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகும் வெடிக்காத வருசம் கிடையாது. செத்தவர்கள் எண்ணிக்கை பேப்பரில் வரும், நிவாரணத் தொகை வரும். உயிர் பிழைத்தவர்களின் கை என்னவாயிற்று என்று யாரும் எழுதுவதில்லை. தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கும். சுருங்குகிற தோல் விரலை இழுத்து மடக்கும், விரலுக்கு நடுவில் சவ்வு மாதிரி ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுக்க முதல் நாளில் இருந்தே கையை ஒரு நிலையில் நிறுத்திவைக்க வேண்டும். மணிக்கட்டு கொஞ்சம் பின்னால் சாய்ந்து, விரல் அடிமூட்டு மடங்கி, மேல் இரண்டு மூட்டும் நிமிர்ந்து, பெருவிரல் விலகி. இதற்கு ஸ்பிளின்ட் என்ற தாங்கி போடுவார்கள். தழும்பு தடிக்காமல் இருக்க இறுக்கமான உறை ஒன்றை ஒரு நாளைக்கு 23 மணி நேரம், ஒரு வருசம் வரைக்கும்கூடப் போட்டிருக்க வேண்டும். பெரிய ஊரில் வெந்நீரில் போட்டால் இளகுகிற ஒரு விசேஷப் பிளாஸ்டிக்கில் தாங்கி செய்கிறார்கள். என் அக்கா மகள் பிளம்பர் கடையில் பி.வி.சி. பைப் துண்டு வாங்கி, நீளவாக்கில் அறுத்து, சூடு காட்டி வளைத்துச் செய்கிறாள். அதற்குள் பழைய சேலைத் துணி வைத்துத் தைக்கிறது எங்க அக்கா.

இதெல்லாம் பட்டப்படிப்பை வைத்துக்கொண்டே செய்கிறாளே, பிறகு மேல்படிப்பு எதுக்கு என்று என்னிடம் இயக்கத் தோழர் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்விதான். அவளிடமே கேட்டேன். அவள் ஒரு காகிதக் கட்டை எடுத்துக் காட்டினாள்.

கையின் திறனை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஒரு சோதனை இருக்கிறது. 1969-ல் அமெரிக்காவில் வெளியானது, ஜெப்சன் – டெய்லர் சோதனை என்பார்கள். ஏழு காரியம் செய்யச் சொல்லி, எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். முதல் காரியம் ஒரு வாக்கியம் எழுதுவது. பிறகு அட்டைகளைத் திருப்புவது, நாணயம், பாட்டில் மூடி, காகித ஊக்கு பொறுக்குவது, பயறை ஸ்பூனால் அள்ளுவது, ஆட்டக் காய்களை அடுக்குவது, காலி டப்பா, கனமான டப்பா தூக்குவது. ‘சித்தி, எங்கிட்ட வார அம்மாவுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது. ஸ்பூன் பிடிச்சதே இல்ல. அந்தச் சோதனைல அவங்க கை எப்பவுமே ஃபெயில். ஆனா அதே கை ஒரு நிமிசத்துல எத்தன வத்தலுக்குக் காம்பு கிள்ளும்னு நீங்க பார்த்திருக்கீங்கள்ல?’ என்றாள்.

பார்த்திருக்கிறேன். பருத்தி எடுக்கிறபோது காயின் முள் குத்தாமல் பஞ்சை மட்டும் உருவுகிற விரலைப் பார்த்திருக்கிறேன். பேன் பார்க்கிற விரல், சடை பின்னுகிற விரல், குத்தவைத்து உட்கார்ந்து களை எடுக்கிற உடம்பு. இதையெல்லாம் அளக்கிற சோதனை இல்லை. அளவு இல்லாததால் அந்தத் திறமைக்கும் பேர் இல்லை. அந்தத் திறமை போய்விட்டால் நஷ்ட ஈடு கேட்கிற இடத்தில் காட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. ‘எவ்வளவு ஊனம்?’ என்று சதவீதம் போட்டுக் கேட்கிற உலகத்தில், அந்தக் கை என்னென்ன செய்தது என்று எழுதிவைக்காதவன் எதைக் கேட்டு வாங்குவான்?

1991-ல் கனடாவில் வேறொரு முறை வந்தது. நோயாளியிடமே, உனக்கு எந்தக் காரியம் முக்கியம், அதை இப்போது எப்படிச் செய்கிறாய், உனக்குத் திருப்தியா என்று கேட்டு, ஒன்றில் இருந்து பத்துக்குள் எண் போடச் சொல்வது. அவள் இதைக் காலனியில் இருந்து வந்த ஒரு அம்மாவிடம் கேட்டாளாம். அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ‘எனக்கு எது முக்கியம்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல தாயி. வேலைக்குப் போகணும், அவ்வளவுதான்’ என்றது. எந்த வேலைக்கு என்று கேட்டதற்கு, எந்த வேலை கொடுக்கிறார்களோ அதுக்கு என்றது. விருப்பத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று எண் போடச் சொல்கிற ஒரு சிகிச்சை, தலைமுறை தலைமுறையாக விருப்பம் கேட்கப்படாத சனங்களிடம் வந்து நிற்கிறது. இங்கே அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதை இங்கே இருந்து போன ஒருத்திதான் ஆராய்ச்சி செய்ய முடியும்.

பட்டப்படிப்பு படித்தவர் இருக்கிற சோதனையைப் பயன்படுத்தலாம். அந்தச் சோதனை தப்பு, இதோ வேறு என்று சொல்ல ஆய்வேடு வேண்டும், வழிகாட்டி வேண்டும், நூலகம் வேண்டும். கல்லூரியில் நின்று பாடம் எடுக்க முதுகலை வேண்டும். 2005-ல் ஃபிராங்க் க்ரோனன்பர்க் என்பவரும் மற்ற இருவரும் தொகுத்த ஒரு புத்தகம் வந்தது. எல்லைகள் இல்லாத ஆக்குபேஷனல் தெரபி என்று பொருள் தருகிற தலைப்பு. இன்னின்னாருக்குத்தான் அர்த்தமுள்ள வேலை, மற்றவர்களுக்குக் கிடையாது என்று பிரித்துவைக்கிற சமூக ஏற்பாட்டுக்கு ‘தொழில் ஒதுக்கல்’ என்ற கருத்தை அவர் முன்வைத்தார். தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சொல்லையே அதற்கு எடுத்துக்கொண்டார். இதை வாசித்தபோது எனக்கு அம்பேத்கர்தான் நினைவுக்கு வந்தார். சாதி வேலையைப் பிரித்ததோடு நிற்காமல், வேலை செய்கிறவர்களையே ஒருவருக்கொருவர் மேல் கீழாகப் பிரித்துவைத்தது என்று 1936-லேயே வாதாடியவர் அவர். இந்த இரண்டையும் சேர்த்துவைத்துக் கரிசல் காட்டில் இருந்து எழுத வேண்டிய ஆய்வு ஒன்று பாக்கி கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது தொட்டுச் செய்கிற தொழில். நோயாளியின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டுதான் எதையும் சொல்லித்தர முடியும். தீண்டாமை இங்கே எப்படி வேலை செய்யும் என்று பாடப் புத்தகத்தில் இல்லை. குழந்தையைக் கூட்டி வருகிற தாய், இரண்டாம் நாள், ‘உங்களுக்கு எந்த ஊரு?’ என்பாள். மூன்றாம் நாள், ‘அங்க எந்தத் தெரு?’ என்பாள். நாலாம் நாள் குழந்தை வராது. அந்தக் குழந்தைக்கு அப்போதுதான் பென்சில் பிடிக்க வந்திருக்கும்.

பக்கவாதம் வந்த ஒரு பெரியவர். பெரிய சம்சாரி. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கச் சொல்லி ஆள் விட்டார்கள். அந்த வீட்டுத் தொழுவத்துப் பக்கம் நின்று எங்க அம்மாச்சி கையேந்திக் கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறது. மேலே இருந்து ஊற்றுவார்கள், கையில் பட்டுவிடக் கூடாது. இவள் முன்வாசல் வழியாகப் போய், அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் விரலுக்கு மேலே தன் விரலை வைத்து, சோறு அள்ளி வாய்க்குக் கொண்டுபோகப் பழக்கினாள். மூன்று வாரம் போனாள். நாலாம் வாரம், அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துபோனது. ‘இனி நாங்களே பார்த்துக்கிறோம்’ என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம் பொங்கியது. நாலு பேரைத் திரட்டிப் போய்க் கேட்போம் என்றேன். அவள் சொன்னது வேறு. ‘அவருக்கு விரல் திறக்க ஆரம்பிச்சிருந்துச்சு சித்தி. இன்னும் ஆறு வாரம் விட்டிருந்தா தானா சோறு அள்ளித் தின்னுருப்பாரு.’

அவளுக்கு வந்தது மருத்துவருக்கு வருகிற வருத்தம். என் கோபத்தை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் சாதி அந்தக் கிழவரின் கையையும் சேர்த்துத்தான் முடக்கியது என்பதை அவள் சொல்லித்தான் கேட்டேன். இதை அவள் தன் துறையின் மொழியில், தன் துறை ஆட்கள் படிக்கிற இடத்தில் எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, படிப்பதற்கு என்ன வழி? எம்.ஓ.டி. இரண்டு வருசம், முழுநேரம். தமிழ்நாட்டில் இருக்கிற இடங்கள் பெரும்பாலும் சென்னை, கோவை சுற்றிய தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும். மத்திய அரசு நிறுவனங்களிலும் இந்தப் படிப்பு உண்டு, ஒடிசாவில் கட்டாக் பக்கம் ஒலட்பூர், கொல்கத்தா மாதிரி. கோவில்பட்டியைச் சுற்றித் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் என்று ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்றிலும் எம்.ஓ.டி. இல்லை.

நான் எம்.ஏ. தமிழ் படித்தது அஞ்சல்வழியில். பகலில் வேலை, ராத்திரி படிப்பு, சனி ஞாயிறு நேர்முக வகுப்பு. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதில் இருந்து எங்கள் ஆட்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனையோ பேருக்கு அதுதான் வாசல். கையைத் தொட்டுப் பழகுகிற படிப்பைத் தபாலில் அனுப்ப முடியாது என்பது எனக்கும் தெரியும். 2021-ல் வந்த துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வருகிற படிப்புகளைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று 2025-ல் யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபியும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. தரம் கெடக்கூடாது என்பது சரி. ஆனால் தபால் வழியை அடைத்தால், வேலையில் இருந்துகொண்டே நேரில் படிக்கிற வழி ஒன்றைத் திறக்க வேண்டுமா இல்லையா? பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வேலையில் இருக்கிற தெரபிஸ்டுகள் பகுதிநேரமாக, பாடம் பாடமாகப் பிரித்து, சில வருசங்களில் முதுகலை முடிக்கிறார்கள். தன்னிடம் வருகிற நோயாளிகளின் பிரச்சினையையே ஆய்வாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தூரத்துக்கு ஏன் போக வேண்டும், நம் ஊர் டாக்டர்களையே பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கிற மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் 50 சதவீத ஒதுக்கீடு வெகுகாலமாக இருந்தது. இடையில் மத்திய விதிகளைக் காட்டி அதற்கு இடைஞ்சல் வந்தது. மருத்துவர்கள் போராடினார்கள், வழக்குப் போட்டார்கள். 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, அப்படி ஒதுக்குகிற அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. கிராமத்தில் வேலை பார்க்கிறவன் மேல்படிப்புப் படித்தால் கிராமத்துக்கு நல்லது என்பதுதான் அதற்கு அடிப்படை. அந்த நியாயம் டாக்டரோடு ஏன் நிற்க வேண்டும்? அடிபட்ட கையைத் தையல் போட்டு அனுப்புகிறவருக்கு உள்ள நியாயம், அந்தக் கைக்குச் சோறு அள்ளப் பழக்குகிறவளுக்கு இல்லையா?

அடுத்தது காசு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944-ல் தொடங்கியது. அம்பேத்கர் வைசிராய் குழுவில் இருந்த காலம் அது. 2021-ல் திருத்திய நெறிமுறைப்படி குடும்ப வருமானம் வருசத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. மாசத்துக்கு 20,833 ரூபாய். வேலை பார்க்கிற மாணவர் என்றால் அவர் சம்பளத்தையும் பெற்றோர் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அவள் சம்பளம் 18,000. அக்கா புருசன் மில்லில் இருந்து நின்ற பிறகு வாட்ச்மேன் வேலையில் 6,000. இரண்டையும் கூட்டினால் வருசத்துக்கு 2,88,000. வேலையில் இருந்தால் உதவித்தொகை போச்சு. வேலையை விட்டால் உதவித்தொகை வரும், ஆனால் வீட்டில் அடுப்பு எரியாது, வட்டி நிற்காது.

இட ஒதுக்கீடு இருக்கே என்பார்கள். எம்.ஓ.டி.யை நரம்பியல், குழந்தைகள், எலும்பு மூட்டு, மனநலம் என்று பிரித்துவைப்பார்கள். ஒரு பிரிவில் நாலு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீதம் கணக்குப் போட்டால் முக்கால் ஆள்கூடத் தேறாது. அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு என்றால் எட்டில் ஒரு ஆள். இடங்களை மொத்தமாகக் கூட்டி, வருசா வருசம் சுழற்சி வைத்துக் கணக்கிடாவிட்டால், இந்தச் சிறிய படிப்புகளில் ஒதுக்கீடு காகிதத்திலேயே தங்கிவிடும்.

‘பள்ளிக்கூடத்துல கக்கூஸ் கழுவச் சொல்றத நிறுத்தவே இன்னும் போராடிக்கிட்டு இருக்கோம், இதுல எம்.ஓ.டி.யா?’ என்று கேட்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்பேத்கர் 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். லண்டன் படிப்பு பாதியில் இருக்கையில், 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்து திரும்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் பெரிய வேலை, தங்க வீடு இல்லை, விடுதியில் இருந்து விரட்டினார்கள். 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜா கொடுத்ததையும் நண்பரிடம் வாங்கிய கடனையும் சேர்த்து, 1920-ல் மறுபடி லண்டன் போய், 1923-ல் டி.எஸ்சி. முடித்தார். பாதியில் நின்ற மேல்படிப்பை, வேலை பார்த்துச் சேர்த்த காசில் முடித்த மனிதர் அவர். முதல் பட்டமே போதும் என்று அன்றைக்கு அவர் நினைத்திருந்தால் நம் கதை என்ன?

எங்க சீமையில் சான்றிதழின் அருமையைப் போலீசுக்கும் தெரியும். 1995 ஆகஸ்ட் 31-ல் கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியபோது, படித்த பையனின் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும்கூட எரித்தார்கள். எதை எரித்தால் எங்களுக்கு வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

படித்துவிட்டுத் திரும்ப மாட்டாள், சென்னையோ துபாயோ லண்டனோ போய்விடுவாள் என்கிறார்கள். போகலாம். போகிற உரிமை அவளுக்கு உண்டு. ஊரிலேயே கிட என்று எங்களுக்குச் சொன்னவர்கள் போதும். ஆனால் அவளிடம் கேட்டபோது, ‘அஞ்சு வருசம் இங்கதான் வேலை பார்ப்பேன்னு எழுதிக் குடுத்துட்டே போறேன் சித்தி. திரும்பி வந்தா வேலை இருக்கும்னு அவங்க எழுதிக் குடுப்பாங்களா?’ என்றாள். 2022-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு உரிமைகள் திட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கான சிகிச்சையை ஊர்ப்பக்கம் கொண்டுவரப் போவதாகச் சொல்கிறது. அப்படி வருகிற மையங்களில் நிற்கப்போகிறவர்கள் யார், அவர்கள் மேலே படிக்க என்ன ஏற்பாடு என்று நாம் இப்போதே கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். அரசு மையங்களிலும் அரசு மானியம் பெறும் மையங்களிலும் சில வருசம் வேலை பார்த்த தெரபிஸ்டுகளுக்கு எம்.ஓ.டி.யில் தனி இடம், படிக்கிற காலத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு, திரும்பி வந்து வேலை பார்க்க இரண்டு பக்கமும் ஒப்பந்தம். தெற்கில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியிலாவது எம்.ஓ.டி., மாதத்தில் ஒரு வாரம் அங்கே வகுப்பு, மீதி நாள் தன் மையத்திலேயே ஆய்வு. வேலையில் இருந்து படிக்கிற பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு இல்லாத உதவித்தொகை. ஆய்வேட்டைத் தமிழிலும் எழுதலாம் என்ற அனுமதி. வத்தல் காம்பு கிள்ளுவதை வேறு எந்த மொழியில் எழுதுவது?

உதவித்தொகை பாக்கிக்காகவும் விடுதிக்காகவும் போராடுகிற மாணவர் அமைப்புகள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும். டாக்டர், இஞ்சினியர், வக்கீல் என்ற மூன்றையே சுற்றிவருகிற நம் மேல்படிப்புப் பேச்சில், பிள்ளைகள் சேர்ந்திருக்கிற இந்தப் புதிய படிப்புகள் காதில் விழாமல் போகின்றன. அந்தந்தப் படிப்பில் நம் ஆட்கள் எத்தனை பேர், முதுகலையில் எத்தனை பேர், ஆசிரியராக எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதினால் அதுவே ஒரு நல்ல தொடக்கம்.

என் அக்கா மகள் இந்த வருசம் விண்ணப்பம் வாங்கியிருக்கிறாள். இரண்டு வருசம் விடுப்புக் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறோம் என்று மையத்தில் சொல்லியிருக்கிறார்கள். கேட்டு இரண்டு மாசம் ஆகிறது.